நடந்தால் வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது: காலின் ரத்தக்குழாய் அடைப்பை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு 66 வயது ஆகிறது. அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இளமையில் தொடங்கிய புகைப்பழக்கத்தை அண்மையில்தான் முழுமையாக நிறுத்தினார். கடந்த சில மாதங்களாக, நடக்கத் தொடங்கிச் சிறிது தூரம் சென்றதும் வலது கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்வது போல வலிக்கிறது என்றும், நின்றுவிட்டால் சற்று நேரத்தில் அது தானாகவே விலகிவிடுகிறது என்றும் சொல்கிறார்.

இதைப் பற்றி வீட்டில் ஆளுக்கொரு கருத்து நிலவுகிறது. வயதானால் கால் வலிக்கத்தான் செய்யும் என்கிறார் ஒருவர். நரம்புச் சுருட்டலாக, அதாவது காலின் சிரைகள் புடைத்துச் சுருள்வதாக, இருக்கும் என்று இன்னொருவர் சொல்ல, அதை நம்பி அழுத்தக் காலுறை ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். முதுகெலும்பில் நரம்பு அழுந்துவதால் வருவது என்று மூன்றாமவர் உறுதியாகக் கூறுகிறார். நானோ, காலுக்குச் செல்லும் தமனிகளில் கொழுப்புப் படிந்து அடைப்பு ஏற்படும் புறத்தமனி நோயாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன். அவருடைய முழங்காலுக்குக் கீழே முடி குறைந்திருக்கிறது, பாதங்கள் குளிர்ந்திருக்கின்றன, இரவில் சில சமயம் கெண்டைக்கால் குரக்குப் பிடித்து விழித்துக்கொள்கிறார். இவையெல்லாம் ஒரே நோயின் அறிகுறிகளா, அல்லது நான் தொடர்பில்லாதவற்றைச் சேர்த்து முடிச்சுப் போடுகிறேனா என்று தெரியவில்லை.

எவை உண்மையிலேயே தமனி அடைப்பைக் காட்டுபவை, எவை நம்மைத் திசைதிருப்பக்கூடியவை, மருத்துவரிடம் செல்லும்போது எதையெல்லாம் கவனித்துச் சொல்ல வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். "நின்றால்தான் சரியாகிவிடுகிறதே, இதற்கு எதற்கு மருத்துவர்?" என்று கேட்டு அப்பா வர மறுப்பதால், அவருக்கு எடுத்துச் சொல்லவும் எனக்குத் தெளிவு தேவைப்படுகிறது.

மறுமொழி: ரத்தநாள அறுவைச் சிகிச்சை மருத்துவர்

தங்கள் தந்தையார் எதைச் சொல்லி மருத்துவரைத் தவிர்க்கிறாரோ, அதுவே தாங்கள் எழுதியவற்றுள் மிக முக்கியமான தடயம். நடந்தால் வருவதும் நின்றால் போவதும்தான் தமனி அடைப்பின் வலிக்குரிய அடையாளம். வலி எங்கே இருக்கிறது என்பதை விட, எது அதை வரவழைக்கிறது, எது அதைப் போக்குகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு நோயாளி தரும் விடையையே நான் முதலில் கேட்பேன்.

இதன் காரணம் எளிமையானது. ஓய்வில் இருக்கும் தசைக்கு மிகக் குறைந்த ரத்தமே போதும். ஆகவே தமனி கணிசமாகச் சுருங்கியிருந்தாலும் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தத் தொல்லையும் தெரியாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகளின் தேவை பல மடங்கு உயர்கிறது. உட்புறம் குறுகிய குழாயால் அந்தக் கூடுதல் தேவையை ஈடுகட்ட முடிவதில்லை. குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தாலே ரத்தம் செல்லும் குறுக்குப் பரப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது என்பதை நினைவில் கொண்டால் இது புரியும். ஆக்சிஜன் பற்றாக்குறையில் வேலை செய்யும் தசை வலிக்கிறது. நின்றவுடன் தேவை குறைகிறது, சில நிமிடங்களில் ஆக்சிஜன் பற்றாக்குறை தீர்கிறது, வலி விலகுகிறது. பெரும்பாலானோருக்குப் பத்து நிமிடத்துக்குள் முழுமையாக விலகிவிடும்.

அடுத்ததாக நான் பார்ப்பது, வலி ஒரே ஒழுங்கில் வருகிறதா என்பதை. தமனி அடைப்பில் வலி வரும் தூரம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். நேற்று எங்கே நின்றாரோ, இன்றும் அதற்கு அருகிலேயே நிற்பார். மேடேறினாலோ, விரைந்து நடந்தாலோ, சுமையுடன் நடந்தாலோ தூரம் குறையும். ஒரு நாள் வெகுதூரம் இயல்பாக நடந்துவிட்டு, மறுநாள் நாலடி வைக்க முடியாமல் அவதிப்படுபவருக்கு மூட்டையும் முதுகையும் முதலில் ஆராய வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு: வலி போக உட்கார வேண்டியதில்லை, அசையாமல் நின்றாலே போதும். தந்தையாரிடம் இதைத் தனியே கேட்டுப் பாருங்கள். பலர் நிற்பதையும் உட்காருவதையும் ஒன்றாகச் சேர்த்தே சொல்வார்கள்.

வலிக்கும் இடம், அடைப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதை ஊகிக்க உதவும். அடைப்புக்குக் கீழே உள்ள தசைதான் வலிக்கும். தொடைத் தமனி, குறிப்பாகத் தொடையின் கீழ்ப்பகுதியில் அது ஒரு குறுகிய வழியில் நுழையும் இடம், அடிக்கடி அடைபடுவதால் கெண்டைக்கால் வலியே அதிகம் காணப்படுகிறது. அடைப்பு இடுப்பு மட்டத்தில் இருந்தால் பிட்டத்திலும் தொடையிலும் வலியோ, கால்கள் சோர்ந்து தளர்வதோ வரும். ஆண்களுக்கு அத்துடன் விறைப்புக் குறைபாடும் சேர்ந்திருந்தால் ஐயம் வலுக்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள சிறிய தமனிகள் அடைபட்டால் பாதத்தில் வலி தோன்றலாம், அல்லது வலி ஏதும் தோன்றாமலும் போகலாம்.

தாங்கள் குறிப்பிட்ட மற்ற மூன்றையும் நான் வேறு தட்டில் வைப்பேன். முடி குறைவது வயதாலும் வரும், பரம்பரையாலும் வரும், உடைகளின் உராய்வாலும் வரும். இரு பாதங்களும் ஒன்றுபோலக் குளிர்ந்திருப்பது பலருக்கு இயல்பானதே. ஒரு பாதம் மட்டும் மற்றதை விடத் தெளிவாகக் குளிர்ந்திருந்தால்தான் அது எனக்குச் செய்தி. பளபளப்பான மெல்லிய தோல், தடித்து மெதுவாக வளரும் நகங்கள் ஆகியவையும் துணைச் சாட்சிகள் மட்டுமே. இவற்றை வைத்து நோயை உறுதி செய்யவும் கூடாது, இவை இல்லை என்பதால் விலக்கவும் கூடாது. இரவில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு, தசை கட்டியாகத் திரண்டு, காலை நீட்டி மடக்கினால் விடுபடுவது சாதாரணக் குரக்குவலி. அதற்கும் தமனி அடைப்புக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

ஆனால் இரவில் வரும் வேறொரு வலி இருக்கிறது. அதை இதனுடன் குழப்பிக்கொள்ளவே கூடாது. அது கெண்டைக்காலில் வராது. விரல்களிலும் முன்பாதத்திலும் வரும். படுத்துச் சிறிது நேரத்தில் தொடங்கி, காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டாலோ எழுந்து நின்றாலோ குறையும். ஏனென்றால் அப்போது புவியீர்ப்பு ரத்தத்தைப் பாதம் வரை இழுத்துத் தருகிறது. இரவு முழுவதும் நாற்காலியிலேயே உறங்கப் பழகிவிட்ட நோயாளிகளும் உண்டு. இது, ஓய்வில் இருக்கும் திசுவுக்குக்கூட ரத்தம் போதவில்லை என்று பொருள்படும் முற்றிய நிலை. இவ்வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, ஆறாத புண்ணோ திசு கறுத்துப்போவதோ சேர்ந்தாலோ, காலையே இழக்கும் ஆபத்து இருக்கிறது என்று கருதித் தாமதமின்றி ரத்தநாள மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சற்று விலகி ஒன்று சொல்கிறேன். நடந்தால் நொண்டுவதும் நின்றால் சரியாவதும் முதலில் விவரிக்கப்பட்டது குதிரைகளிடம்தான். 1831 இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பூலே எழுதியதை, 1858 இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ மனித நோயாளி ஒருவரிடம் அடையாளம் கண்டார். கருவிகள் எத்தனையோ வந்துவிட்ட இந்நாளிலும், நோயாளி தன் நடையைச் சரியாக விவரித்தால் பாதி நோய்க்கணிப்பு முடிந்துவிடுகிறது.

மறுமொழி: இயன்முறை மருத்துவர்

முதுகெலும்பு என்று சொன்ன மூன்றாமவரையும் முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம். தண்டுவடக் கால்வாய் சுருங்கி நரம்புகள் அழுந்தும்போதும், நடந்தால் கால் வலித்து நிற்க வேண்டிய நிலை வரும். மேலோட்டமாகக் கேட்டால் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். என்னிடம் வருபவர்களில் இந்தக் குழப்பத்தோடு வருவோர் அதிகம் என்பதால், நான் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

நரம்பு அழுந்துவதால் வரும் வலி, நின்றால் போகாது. சிலருக்கு வெறுமனே நிற்பதே வலியைத் தூண்டும். உட்கார வேண்டும், அல்லது இடுப்பை முன்னால் வளைக்க வேண்டும், அப்போதுதான் கால்வாயின் இடம் சற்று அகன்று நரம்புக்கு விடுதலை கிடைக்கும். ஆகவே தள்ளுவண்டியைப் பிடித்தபடி குனிந்து நடந்தால் வெகுதூரம் போக முடிகிறதா, சைக்கிள் மிதித்தால் வலிக்கிறதா என்று கேட்பேன். சைக்கிளில் முதுகு வளைந்திருப்பதால் நரம்பு நோயாளிக்கு அது சுலபமாக இருக்கும். தமனி நோயாளிக்கோ கால் தசை வேலை செய்தாலே போதும், உட்கார்ந்து மிதித்தாலும் வலி வந்துவிடும். மேடும் பள்ளமும்கூட எதிரெதிராக வேலை செய்கின்றன: மேடேறும்போது உடல் முன்னோக்கிச் சாய்வதால் நரம்பு நோயாளி ஓரளவு தாக்குப்பிடிப்பார், இறங்கும்போது முதுகு நிமிர்ந்து அவதிப்படுவார், தமனி நோயாளிக்கு மேடுதான் பகை.

வலியின் தன்மையும் வேறுபடும். நரம்பு வலி முதுகிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ கீழ்நோக்கிப் பரவி, மரத்துப்போதல், ஊசி குத்துதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றோடு வரும். தமனி வலி ஒரு தசைத்தொகுதியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். இடுப்பு மூட்டுத் தேய்மானத்தில், நாற்காலியிலிருந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகளிலேயே வலி தொடங்கிவிடும்; நின்ற பின்பும் உடனே தணியாது.

நரம்புச் சுருட்டல் என்று எண்ணியவருக்கு ஒரு சொல். சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய், பாதிக்கப்படும் நோயில் நாளின் இறுதியில் கால் கனத்து வீங்கும், நீண்ட நேரம் நின்றால் கூடும், காலை உயர்த்தி வைத்தால் சுகமாக இருக்கும். தமனி நோய் முற்றிய காலை உயர்த்தினால் வலி கூடுமே தவிரக் குறையாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பல குழப்பங்கள் தீரும்.

எச்சரிக்கையும் ஒன்று: 60 வயதைக் கடந்தவரின் எம்ஆர்ஐ ஸ்கேனில் முதுகெலும்புத் தேய்மானம் ஏதாவது தெரியத்தான் செய்யும். அது தெரிந்துவிட்டது என்பதாலேயே கால் வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு நோய்களும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் அரிதன்று. முதுகுக்குப் பயிற்சி கேட்டு வருபவராயினும், இந்த வயதில் பாத நாடியைத் தொட்டுப் பார்க்காமல் நான் பயிற்சியைத் தொடங்குவதில்லை.

மறுமொழி: இந்நோயுடன் வாழ்பவர்

மேலே இருவரும் விளக்கியது பாடப்புத்தக வடிவம் என்றால், அந்த வடிவத்தில் வராத என் நோயைப் பற்றியும் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். எனக்குக் கெண்டைக்காலில் வலி என்று ஒன்று வந்ததே இல்லை. கால்கள் கனத்துத் தளர்ந்தன, அவ்வளவுதான். தொடையிலும் பிட்டத்திலும் ஒருவிதச் சோர்வு வரும். அதை வலி என்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் அது வலிக்கவில்லை.

அதை விட முக்கியமானது, என்னை அறியாமலே என் நடை மாறியிருந்தது. மெதுவாக நடக்கத் தொடங்கினேன். மாடிப்படியைத் தவிர்த்தேன். உடன் நடப்பவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்து நடுவழியில் நின்றேன். தூரமான இடங்களுக்கு வண்டியில் போவது வழக்கமாகிவிட்டது. வலி வரும் தூரம் வரை நடப்பதே இல்லை என்றால் வலி எப்படி வரும்? முன்பெல்லாம் தன்னால் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் நடந்தவர் இப்போது தனக்குப் பின்னால் வருகிறார் என்று என் மனைவிதான் முதலில் கவனித்தாள். ஆகவே, சகோதரி, தங்கள் அப்பாவிடம் "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். முன்பு எவ்வளவு தூரம் நடந்தார், எந்த வேலைகளை இப்போது விட்டுவிட்டார், கூட நடக்கிறவர்களோடு ஈடுகொடுக்க முடிகிறதா என்று கேளுங்கள். வீட்டில் உள்ளவர்களையும் கேளுங்கள். அவர்கள் சொல்வது பல நேரங்களில் கூடுதல் துல்லியமாக இருக்கும்.

மருத்துவர் குறிப்பிட்ட இன்னொரு செய்தியையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இடுப்பு மட்டத்து அடைப்போடு விறைப்புக் குறைபாடும் சேர்ந்து வரும் என்பதை மகளிடமோ மகனிடமோ எந்தத் தந்தையும் சொல்லமாட்டார். ஆகையால் மருத்துவரிடம் செல்லும்போது அவர் சில நிமிடங்களாவது தனியாகப் பேசும்படி விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று அப்பாவிடம் பொறுமையாகப் பேசினேன். உட்கார வேண்டியதில்லை, நின்றாலே போய்விடுகிறது என்று உறுதியாகச் சொல்கிறார். மேடேறும்போது வலி விரைவில் வருகிறது. குனிந்து நடப்பதால் எந்த வேறுபாடும் இல்லை. இரவில் வருவது கெண்டைக்கால் குரக்குவலிதான், காலைத் தொங்கவிட வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இப்போது வேறு மூன்று ஐயங்கள். அவருக்கு இரண்டு உள்ளங்கால்களிலும் எரிச்சலும் மரத்துப்போன உணர்வும் வெகுநாளாக உண்டு. அதைச் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாதிப்பு இருக்கும்போது தமனி நோயின் அறிகுறிகளை எப்படிப் பிரித்தறிவது? பாத நாடியை நாமே தொட்டுப் பார்க்கலாமா? வாங்கி வைத்த அழுத்தக் காலுறையை அவர் அணியலாமா?

மறுமொழி: பாதப் புண் பராமரிப்புச் செவிலியர்

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: காலின் ரத்த ஓட்டம் அளக்கப்படும் வரை அழுத்தக் காலுறையை அணிய வேண்டாம். சிரை நோய்க்கு அது நல்ல மருந்து; ஆனால் தமனி வழியே போதிய ரத்தம் வராத காலை வெளியிலிருந்தும் இறுக்கினால், வந்துகொண்டிருக்கும் கொஞ்ச ரத்தமும் தடைப்பட்டுத் தோல் அழிந்துபோகக்கூடும். உணர்வு மரத்த பாதத்தில் அந்த அழிவு நடப்பதுகூடத் தெரியாது. பாதம் குளிர்ந்திருக்கிறதே என்று வெந்நீர்ப் பையோ சூடான ஒத்தடமோ வைப்பதும் அதே காரணத்தால் ஆகாது.

சர்க்கரை நோயாளிகளிடம் இந்நோய் ஒளிந்துகொள்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, வலியை உணர வேண்டிய நரம்பே பழுதுபட்டிருப்பதால், நடந்தாலும் வலி தெரியாமல், நேரடியாக ஆறாத புண்ணாகவே நோய் வெளிப்படுவது. இரண்டாவது, சர்க்கரை நோயில் அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகளில் அமைவதால், கெண்டைக்கால் வலி என்ற வழக்கமான எச்சரிக்கை மணி அடிக்காமலே போவது. தங்கள் தந்தையாருக்கு அந்த மணி அடித்திருப்பது ஒருவகையில் நல்லதே.

நரம்புப் பாதிப்பின் எரிச்சலும் மரத்துப்போதலும் வழக்கமாக இரண்டு பாதங்களிலும் ஒன்றுபோல இருக்கும். விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலேறும். நடை, ஓய்வு என்ற கணக்குக்குக் கட்டுப்படாது. காலைத் தொங்கவிட்டாலும் குறையாது. நரம்பு மட்டும் பாதிக்கப்பட்ட பாதம் பெரும்பாலும் வெதுவெதுப்பாக, வறண்டு, நாடி நன்றாகத் துடிக்கும் நிலையில் இருக்கும். தமனியும் அடைபட்ட பாதமே குளிர்ந்து நாடியின்றி இருக்கும். இரண்டும் சேர்ந்த பாதத்தைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம்.

புண் வந்தால் அதன் இடமும் தோற்றமும் பேசும். தமனி அடைப்பால் வரும் புண் விரல் நுனிகளிலும், விரல்களுக்கு இடையிலும், குதிகாலிலும், காலணி அழுத்தும் இடங்களிலும் வரும். விளிம்பு வெட்டியெடுத்ததுபோல் இருக்கும், அடிப்பகுதி வெளிறியிருக்கும், தொட்டால் ரத்தம் அதிகம் கசியாது, உணர்வு இருப்பவருக்குக் கடுமையாக வலிக்கும். சிரைப் புண் கணுக்காலின் உட்புறத்துக்கு மேலே, பழுப்பேறிய தோலின் நடுவே, நீர் கசிந்தபடி இருக்கும். நரம்புப் பாதிப்பின் புண் உள்ளங்காலில், தடித்த காய்ப்பின் நடுவே, வலியே இல்லாமல் இருக்கும். எதுவாயினும், சர்க்கரை நோயாளியின் பாதத்தில் புண் என்றால் ஆறட்டும் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அவரைப் படுக்கவைத்து இரு கால்களையும் ஏறத்தாழ 45 பாகை உயரத்துக்கு ஓரிரு நிமிடம் தூக்கிப் பிடியுங்கள். பிறகு உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். உயர்த்தும்போது ஒரு பாதத்தின் உள்ளங்கால் வெளிறிப்போய், தொங்கவிட்டதும் நிறம் மெதுவாகத் திரும்பி, பிறகு கருஞ்சிவப்பாக மாறினால் அது நல்ல அறிகுறியன்று. தோல் கருநிறமாக இருப்பவர்களிடம் இந்த மாற்றம் மேற்புறத்தில் எளிதில் தெரியாது. உள்ளங்காலையும் நகக்கண்களையும் பார்க்க வேண்டும். அந்தக் கருஞ்சிவப்பைப் பார்த்து ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று மகிழ்பவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். உண்மை அதற்கு நேர்மாறானது. காலில் புண்ணோ ஓய்விலேயே வலியோ இருப்பவருக்கு இதைச் செய்துகொண்டிருக்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நாடியைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அதன் அடிப்படையில் முடிவெடுக்க வேண்டாம். பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலை நோக்கிச் செல்லும் தசைநாணுக்குச் சற்று வெளிப்பக்கம் ஒரு நாடியும், கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னால் மற்றொன்றும் இருக்கின்றன. மேற்புற நாடி சிலருக்குப் பிறவியிலேயே தொட்டறிய முடியாத நிலையில் இருக்கும். பழக்கமில்லாதவர் தன் விரல் நுனியின் துடிப்பையே நோயாளியின் நாடி என்று எண்ணிக்கொள்வதும் உண்டு.

நம்பத்தக்க சோதனை, கணுக்காலிலும் புஜத்திலும் ரத்த அழுத்தத்தை டாப்ளர் கருவியால் அளந்து, கணுக்கால் அளவைப் புஜத்தின் அளவால் வகுப்பது. இதை ஏபிஐ என்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. புஜத்தில் 140 ஆகவும் கணுக்காலில் 98 ஆகவும் இருந்தால் விகிதம் 0.70, அதாவது அடைப்பு இருக்கிறது. 1.00 முதல் 1.40 வரை இயல்பு, 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் நோய், இடைப்பட்டது எல்லைக்கோடு. ஆனால் சர்க்கரை நோயிலும் சிறுநீரக நோயிலும் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்துவிடுவதால், கருவியால் அதை அழுத்தி மூட முடியாமல் விகிதம் பொய்யாக உயர்ந்து, 1.40 ஐக்கூடத் தாண்டும். அதனால் தங்கள் தந்தையாருக்கு "ஏபிஐ நன்றாக இருக்கிறது" என்று முடிவு வந்தால் அத்தோடு நிறுத்திவிடாமல், கால் பெருவிரலின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். விரல் தமனிகள் அவ்வளவாக விறைப்பதில்லை. அங்கே விகிதம் 0.70 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்ளலாம்.

மறுமொழி: புதிய உறுப்பினர்

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு 34 வயதுதான். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லை, ஆனால் நிறையப் புகைபிடிப்பேன். நடந்தால் உள்ளங்கால் வளைவில் வலி வந்து, நின்றால் போகிறது. குளிரில் கைவிரல்களும் வெளுக்கின்றன. இந்த வயதில் இந்நோய் வராதுதானே?

மறுமொழி: ரத்தநாள அறுவைச் சிகிச்சை மருத்துவர்

புதிய உறுப்பினருக்கு: கொழுப்புப் படிவால் வரும் அடைப்பு தங்கள் வயதில் அரிது. ஆனால் தாங்கள் விவரிப்பது வேறொரு நோயை நினைவூட்டுகிறது. 1908 இல் லியோ பர்ஜர் விரிவாக விவரித்த, அவர் பெயராலேயே வழங்கும் நோய் அது; புகையிலைப் பழக்கமுள்ள இளவயதினரின் கைகால்களில் உள்ள சிறிய தமனிகள் அழற்சியுற்று உறைகட்டிகளால் அடைபடும். கெண்டைக்காலுக்குப் பதிலாக உள்ளங்கால் வளைவில் வலிப்பதும், கைவிரல்களும் சேர்ந்து பாதிக்கப்படுவதும் அதன் தனித்தன்மை. காத்திருக்காமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அந்நோயாக இருப்பின், புகையிலையை எந்த வடிவிலும் தொடாமல் முற்றாக விடுவதைப் போல அதைத் தடுத்து நிறுத்தும் சிகிச்சை வேறில்லை, குறைத்துக்கொள்வது போதாது.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: தாங்கள் இப்போது தந்துள்ள விடைகளைப் பார்த்தால், முதுகெலும்பை விடத் தமனிதான் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. செவிலியர் சொன்ன சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். ஓய்வில் எடுத்த அளவு இயல்பாக வந்து ஐயம் மட்டும் நீடித்தால், ட்ரெட்மில்லில் நடக்கவைத்த பின் மறுபடி அளப்பார்கள்; நடந்ததும் கணுக்கால் அழுத்தம் சரிந்தால் மறைந்திருந்த அடைப்பு வெளிப்பட்டுவிடும். ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் போன்ற படங்கள், அடைப்பை நீக்கும் சிகிச்சையைத் திட்டமிடும்போதுதான் தேவைப்படும். நோய் இருக்கிறதா என்று அறிவதற்காக எடுத்த எடுப்பிலேயே அவற்றுக்குச் செல்ல வேண்டியதில்லை.

அப்பாவிடம் எடுத்துச் சொல்ல ஒரு செய்தி வேண்டும் என்றீர்கள். நடையில் மட்டும் வலி இருக்கும் நிலையில் உள்ளவர்களில், கால் இழக்கும் நிலைக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. இதைக் கேட்டாலே பலருக்கு அச்சம் விலகி மருத்துவரிடம் வரத் துணிவு வருகிறது. ஆனால் கால் தமனியில் படிந்த கொழுப்பு காலோடு நிற்பதில்லை. இதயத் தமனிகளிலும் மூளைக்குச் செல்லும் தமனிகளிலும் அதே படிவு இருக்கக்கூடும் என்பதால், இந்நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும்தான் காலை விடப் பெரிய ஆபத்து. ஆகவே நோய் உறுதியானால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல் போன்ற உறைதடுப்பு மாத்திரையும், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் காலுக்காக மட்டுமன்றி உயிருக்காகவே பரிந்துரைக்கப்படுகின்றன. அவர் புகையை விட்டது பாதி வேலையை முடித்ததற்குச் சமம். அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வலிக்கிறதே என்று நடையை நிறுத்திவிட வேண்டாம். பாதத்தில் புண் இல்லை என்று உறுதி செய்த பின், வாரத்துக்கு 3 முறையாவது, ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம், ஓரளவு கடுமையாக வலி எழும் வரை நடந்து, நின்று, வலி தணிந்ததும் மறுபடி நடக்கும் பயிற்சியைக் குறைந்தது 12 வாரம் தொடர்ந்தால், வலியின்றி நடக்கும் தூரம் பலருக்குக் குறிப்பிடத்தக்க அளவு கூடுகிறது. இதயத்தின் நிலையைப் பரிசோதித்த பிறகு, மேற்பார்வையோடு தொடங்குவது நல்லது. ஸ்டென்ட், பைபாஸ் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு, இதற்குப் பிறகும் அன்றாட வாழ்க்கை முடங்கினாலோ, ஓய்வு வலியோ புண்ணோ வந்தாலோதான் எழும்.

இவை அனைத்தும் நாள்கணக்கில் அவகாசம் உள்ள நிலைமைகள். அவகாசமே இல்லாத நிலைமை ஒன்றும் இருக்கிறது. இதுவரை நடந்துகொண்டிருந்த காலில் திடீரென்று கடும் வலி தோன்றி, கால் வெளிறி, சில்லிட்டு, நாடி மறைந்து, உணர்வு குறைந்து, விரல்களை அசைக்க முடியாமல் போனால், தமனி முழுமையாக அடைபட்டுவிட்டது என்று பொருள். இவை எல்லாமே தோன்ற வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். உணர்வும் அசைவும் குறையத் தொடங்கினால் தசை சாகத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும், மீட்பதற்கு ஏறத்தாழ 6 மணி நேரமே இருக்கிறது. காலைத் தேய்த்துவிடுவதோ, சூடு வைப்பதோ, உயர்த்தி வைப்பதோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உறங்குவதோ கூடாது. ரத்தநாள அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அப்போதே அழைத்துச் செல்லுங்கள்.